அட்டைக்குப் படிக்கும் குரல்

பட்டுச் சேலையில் பூ எங்கே வர வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அட்டை. தடித்த அட்டையில் வரிசையாக ஓட்டை அடித்து, ஒன்றோடு ஒன்று கோத்து, தறிக்கு மேலே இருக்கும் பெட்டியில் மாட்டுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் பெட்டியின் ஊசி நுழைந்து நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுத்திருக்கும். சேலை வாங்குகிறவர்களுக்கு நெய்தவர் பெயர் தெரியாது. அட்டை அடித்தவர் பெயர் நெய்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் எந்தத் தறிக்காரரையும் நிறுத்தி, தப்பில்லாத அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் என் வீட்டுக்குத்தான் வழி சொல்வார். பெருமைக்குச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

நான் நாலாவது வரை படித்தவள். பதினோரு வயதில் ஒரு அட்டைப் பட்டறைக்குக் கூட்டிப் பெருக்கப் போனேன். அங்கே ஒரு வேலையை இரண்டு பேர் செய்வார்கள். ஒருவர் சுவரில் ஒட்டிய, டிசைன் வரைந்த கட்டத்தாளைப் பார்த்து உரக்கப் படிப்பார். இன்னொருவர் காதில் வாங்கி அடிப்பார். அடிக்கிற மெஷினில் ஆர்மோனியக் கட்டை போலப் பன்னிரண்டு கட்டை இருக்கும். விரல் கட்டையை அழுத்தும், கால் மிதியை மிதிக்கும், அட்டையில் ஓட்டை விழும். "விடு அஞ்சு, அடி மூணு, விடு நாலு" என்று அவர் படித்தால், அஞ்சும் மூணும் நாலும் பன்னிரண்டு. கூட்டல் பன்னிரண்டுக்கு வரவில்லையென்றால் படித்தது தப்பு. அதனால் அடிக்கிறவருக்குக் காதும் வேண்டும், மனசுக்குள் கூட்டலும் வேண்டும்.

அங்கே படித்தவர் அதற்கு முன்னால் நெல் அளந்தவர். ஒன்று என்று அவர் வாயில் வராது. மரக்காலில் முதல் அளவைச் சொல்வது போல லாபம் என்பார். "விடு லாபம், அடி ரெண்டு, விடு ஒம்போது." ஒரு நாள் அடிக்கிறவர் வரவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். கால் எட்டாததால் மிதியில் ஒரு செங்கல்லைக் கயிறு போட்டுக் கட்டினேன். அன்று அடித்த அட்டையில் ஒரு ஓட்டைகூடத் தப்பவில்லை. பிறகு அந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்தேன். படிக்கிறவர் காலமான பிறகு, நானே பார்த்து நானே அடிக்கவும் பழகிக்கொண்டேன். இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தால் சொந்தப் பட்டறை வைக்க எவ்வளவு நாளாகும்? எனக்கு அதிக நாள் ஆகவில்லை. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் அட்டை மெஷினை வைத்துப் பட்டறை நடத்திய முதல் பொம்பளை நான்தான்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். கல்யாணமாகி வந்த வருஷமே கட்டத்தாளையும் பென்சிலையும் ஓரம் கட்டிவிட்டு டிசைனைத் திரையில் வரைய ஆரம்பித்தாள். நன்றாகவே வரைவாள். தாளில் அச்செடுத்துக் கொடுப்பாள், நான் சுவரில் ஒட்டிவைத்து அடிப்பேன். எட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. ஊரில் தானாகவே அட்டை அடிக்கிற மெஷின்கள் வந்திருந்தன. வரட்டும் என்று விட்டுவிட்டேன். என் வாசலுக்கு வருகிற தறிக்காரர்கள் குறையவில்லை.

கண் போனது எனக்கே மெதுவாகத்தான் தெரிந்தது. கண்ணில் பிரஷர் என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வந்துகொண்டிருந்தது, நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் போலக் கொஞ்சம் வெளிச்சம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொட்டு மருந்து கொடுத்தார். வீட்டில் நான் யாருக்கும் முழுசாகச் சொல்லவில்லை. பாதி டிசைன்கள் மனப்பாடம். மீதியைத் தாளில் மூக்கு வைத்துப் பார்த்து ஓட்டினேன். பிறகு மூக்கு வைத்தும் தெரியவில்லை.

ஒரு நாள் எங்கள் தெருக்கோடித் தறிக்காரர் அட்டைக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்.

"அக்கா, கரையில பல்லு விழுந்திருக்குது. டிசைன் அங்கங்க விட்டுப் போயிருக்குது."

"உன் பெட்டியில ஊசி வளைஞ்சிருக்கும், பாருப்பா."

"ஊசியப் பாத்துட்டுதான்கா வரேன். அட்டைதான்."

மருமகள் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று அட்டையில் ஓட்டை இடம் மாறியிருந்தது. அவரிடம் இரண்டு நாளில் தருகிறோம் என்று அனுப்பிவைத்தாள். அப்புறம் என் முன்னால் ஒரு தாளைப் பிடித்தாள்.

"அத்தை, இதுல இன்னா டிசைன் இருக்குது, சொல்லுங்க."

"மாங்கா."

அவள் தாளை என் கையில் கொடுத்தாள். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். தடவினால் என்ன தெரியும்? அவளே சொன்னாள், வெறும் தாள் என்று.

சாயந்திரம் சோறு போடும்போது, "இனிமே நான் வரையறது மட்டும் வரையறேன், அட்டை அடிக்கிறத வெளிய குடுத்துடலாம் அத்தை. நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பு ஊற்றுவது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தான் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று புரிந்தது. ஐம்பது வருஷமாக உட்கார்ந்த ஸ்டூல். எழுந்தால் அப்புறம் எனக்கு அந்தப் பட்டறையில் என்ன இடம்? காப்பி கேட்கிற இடம்தான்.

ஊனச் சான்றிதழுக்காகக் கலெக்டர் ஆபீஸ் முகாமுக்குப் போயிருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் காதோரம் யாரோ வாய் ஓயாமல், மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"யாருப்பா இந்த வேகத்துல பேசறது? சண்டையா?" என்று கேட்டேன்.

"என் போனும்மா. எனக்கு மெசேஜ் படிச்சிக்கினு இருக்குது."

அவருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம், நிலம் நீச்சு உண்டு, இவர் மட்டும் படித்து அரசாங்க ஆபீஸில் டெலிபோன் போர்டில் வேலை. வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கம்ப்யூட்டரும் இதே மாதிரி படித்துச் சொல்லும், அதற்கென்று சாஃப்ட்வேர் இருக்கிறது என்றார்.

"எது எழுதியிருந்தாலும் படிக்குமா?"

"எழுத்தா இருந்தா படிக்கும். படமா இருந்தா படிக்காது."

"அஞ்சு விடு, மூணு அடின்னு எழுதியிருந்தா?"

"தாராளமா படிக்கும். அதெல்லாம் எதுக்கும்மா?"

நான் சொன்னேன். அவர் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

சொன்னபடி வந்தார். கையில் அவருடைய தண்ணீர் பாட்டில். பட்டறைக்குள் கூட்டி வந்து உட்காரவைத்தபோது, "நான் பட்டு கட்டமாட்டேன்மா, புழுவைக் கொன்னு எடுக்கறதுன்னு எங்க வீட்டுல யாரும் கட்டறதில்ல" என்றார் முன்கூட்டியே.

"இங்க பட்டு இல்ல தம்பி. வெறும் அட்டைதான்."

"அப்போ பாவம் உங்களுக்குப் பாதிதான்" என்று சிரித்தார்.

அவர் சொல்லச் சொல்ல மருமகள் தன் கம்ப்யூட்டரில் அந்தச் சாஃப்ட்வேரைப் போட்டாள். திரையைப் பார்க்காமல் அவர் சொன்னதும், திரையைப் பார்த்துக்கொண்டே அவள் தடுமாறியதும் எனக்குக் காதுக்கு இனிமையாக இருந்தது. "இல்லம்மா, டேப் கீ ரெண்டு தடவ. இப்ப கீழ் அம்பு. நின்னுது பாருங்க, அதான்." முதலில் அது இங்கிலீஷில் கடகடவென்று பேசியது. பிறகு தமிழ்க் குரலைப் பிடித்து வைத்தார். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மூக்கடைப்போடு வாசித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மருமகள் டிசைனைத் தனக்குத் தெரிந்த பெரிய சாஃப்ட்வேரில் எழுத்தாக எழுதலாம் என்றாள். அவர் வேண்டாம் என்றார். "அதுல பட்டன் பட்டனா இருக்கும்மா. இது ஒண்ணு விடாம அத்தனையும் சொல்லிக்கினே இருக்கும். அலங்காரம் இல்லாத சின்ன எடிட்டர் போதும். எழுத்து மட்டும் இருக்கணும். ஒரு வரி, அம்பு கீய அமுக்கினா அடுத்த வரி. அவ்வளவுதான் அம்மாவுக்கு வேணும்."

கீபோர்டில் இரண்டு எழுத்தில் மட்டும் சின்ன மேடு இருக்கிறது, ஆள்காட்டி விரலை அங்கே வைத்துக்கொண்டால் மற்ற விரல்கள் தானாக இடம் பிடிக்கும் என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். பன்னிரண்டு கட்டையில் ஓடிய விரல். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டேன். அவருக்கே ஆச்சரியம். இதை எழுதுவதும் அதே எடிட்டரில்தான். ஒவ்வொரு எழுத்தையும் அது திருப்பிச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் விட்ட ஒற்றெழுத்தையெல்லாம் இப்போது காதால் கற்றுக்கொள்கிறேன்.

மருமகள் ஒரு டிசைனை எழுத்தாக மாற்றியிருந்தாள். அடிக்கிற இடத்துக்கு எக்ஸ், விடுகிற இடத்துக்குப் புள்ளி. அட்டைக்கு ஒரு வரி. நான் அம்பை அமுக்கினேன். "எக்ஸ் எக்ஸ் எக்ஸ்" என்றது. அடுத்த வரி. "எக்ஸ் எக்ஸ்." புள்ளியே காணோம்.

"என்னம்மா, ஓட்டைய மட்டும் சொல்லுது, விடறத விட்டுடுச்சே."

"புள்ளிய அது பேசாதும்மா" என்றார் அவர். "கதை படிக்கும்போது வரிக்கு வரி முற்றுப்புள்ளின்னு சொன்னா எரிச்சலா இருக்குமில்ல, அதனால மொதல்லயே வாய அடைச்சி வெச்சிருப்பாங்க. திறந்து விடறேன்."

திறந்து விட்டார். "முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி முற்றுப்புள்ளி எக்ஸ் எக்ஸ் எக்ஸ் முற்றுப்புள்ளி" என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வாய் வெற்றிலை போட்டுவிடலாம்.

"இது ஆவாது" என்றேன். "எங்க பட்டறையில படிச்ச மாதிரி படிக்கணும். அஞ்சு இருந்தா அஞ்சுன்னு சொல்லணும். விடுன்னு சொல்லணும், அடின்னு சொல்லணும்."

மருமகள் யோசித்தாள். ஒரே மாதிரி எழுத்து தொடர்ந்து வந்தால் எண்ணி எழுதும்படி ஒரு வழி செய்தாள். விடுவதற்கு வி, அடிப்பதற்கு அ. பன்னிரண்டு ஆனதும் ஒரு காற்புள்ளி, குரல் அங்கே மூச்சு விடும். வி 5 அ 3 வி 4, இப்படி. அந்த வி-யையும் அ-வையும் எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக்கொடுக்க சாஃப்ட்வேருக்குள் ஒரு அகராதி இருந்தது. வி என்றால் விடு, அ என்றால் அடி என்று போட்டாள். அமுக்கினேன். "விடு ஐந்து, அடி மூன்று, விடு நான்கு" என்றது. ரேடியோக்காரர் முதல் தடவையாக உபயோகமாக ஏதோ பேசினார்.

நான் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது மருமகள் வேறு எதையோ திறந்தாள். தறிக்காரர் ஒருவர் அனுப்பியிருந்த மெயில். குரல் வாசித்தது: "அடின்புள்ள அடிம்மா."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அது மேலே போனது. "அடிட்டை கிடைத்தது. அடிடுத்த வாரம் வருகிறேன்."

"யாரப் பாத்து அடிங்குது இது?" என்றேன். "என் மாமியார்கூட என்ன அப்படிக் கூப்பிட்டதில்ல."

டெலிபோன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அ என்ற எழுத்தை எங்கே கண்டாலும் அது அடி ஆக்கிவிட்டது. முழுச் சொல்லாக நின்றால் மட்டும் மாற்று என்று ஒரு இடத்தில் சொல்ல வேண்டுமாம். சொன்னார்கள். அப்புறம் அம்மா அம்மாவானாள். மருமகள் மட்டும் அடுப்படியில் நின்று "அடிம்மா" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். கேட்காதது போல இருந்துவிட்டேன்.

ஐந்தை அஞ்சாகவும் மூன்றை மூணாகவும் அகராதியில் போடச் சொன்னேன். கை வேகத்துக்கு ஐந்து மூன்று எல்லாம் நீளம். ஒன்றுக்கு லாபம் என்று போடச் சொன்னேன். மருமகள், "இது எதுக்கு அத்தை?" என்றாள். காது அப்படித்தான் பழகியிருக்கிறது என்றேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று அவர் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார். ஆட்டோ வரை கொண்டுபோய் விட்டோம்.

அன்றைக்கே மருமகளிடம் சொன்னேன். "மூணு டிசைன் குடு. மூணுல ஒண்ணு தப்பாப் போனாலும் நானே எழுந்துக்கறேன். அதுவரைக்கும் வெளிய குடுக்கற பேச்சு கூடாது."

"ஒண்ணுகூடத் தப்பக் கூடாதா? அவ்வளவு வேணாம் அத்தை."

"நான்தான் சொல்றேன் இல்ல."

அவள் சரி என்றாள். மகனிடமும் சொன்னாள். பட்டறையில் நான் இருக்கிறேனா இல்லையா என்பது அந்த மூன்று டிசைனில் வந்து நின்றது.

முதல் டிசைன் ருத்ராட்சக் கரை. மெஷின் பக்கத்திலேயே கீபோர்டை வைத்துக்கொண்டேன். ஒரு அம்பு, ஒரு வரி, ஒரு அட்டை. அடித்து முடித்ததும் மூலையில் நம்பர் குத்தி அடுக்குவேன். முதல் இரண்டு நாள் குரலின் வேகத்தைக் குறைத்து வைத்தேன். மூன்றாம் நாள் கூட்டினேன். ஒரு வாரத்தில், வாசலில் நின்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாத அளவுக்குக் கொண்டுபோய்விட்டேன். கண் இருந்த காலத்தில் தாளைப் பார்க்க ஒரு நேரம், அடிக்க ஒரு நேரம். இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது. ருத்ராட்சம் தறிக்குப் போனது. ஒரு குறையும் வரவில்லை.

இரண்டாவது கோபுரக் கரை. அதுவும் சரியாகப் போனது. தறிக்காரர் வாசலில் வந்து, "அக்கா, கண்ணு இருந்தப்போ அடிச்சதவிட இது சுத்தமா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மருமகள் உள்ளே இருந்தாள். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று, "இன்னா சொன்னப்பா, சரியாக் கேக்கல" என்றேன். அவர் இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

மூன்றாவது, உடலில் வரும் அன்னப்பட்சி. அட்டை அதிகம். ஒவ்வொரு பன்னிரண்டையும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே அடித்தேன். ஒரு இடத்தில் பதினொன்று வந்தது. நிறுத்தி, மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள்தான் ஒரு கட்டத்தைத் தவறவிட்டிருந்தாள். திருத்தினாள். இதற்குப் பிறகு என்னை யார் எழுப்புவது என்று நினைத்துக்கொண்டு அந்த அட்டைக் கட்டை முடித்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலையில் அதே தெருக்கோடித் தறிக்காரர் வந்தார். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு குரலை இறக்கினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. அன்னம் தலைகீழா வந்துக்கினு இருந்துது. காலு மேல, மூக்கு கீழ."

"ஓட்டை?"

"ஓட்டையெல்லாம் ஒழுங்கா இருக்குது. ஒரு இறகுகூட பிசகல. தலைகீழா நின்னுது, அவ்வளவுதான். நான் அட்டைய கடைசியிலேருந்து முன்னால ஓடறா மாதிரி திருப்பிப் போட்டுக்கினேன். சரியாயிடுச்சு. நெய்ததுல ஒரு விரக்கடைதான் வீணாப் போச்சு, பிரிச்சுட்டேன். உன் மருமவகிட்ட நான் வாயத் திறக்கமாட்டேன்."

"நான் கேட்டனா, திறக்கக் கூடாதுன்னு?"

"நீ கேக்கல. நானா சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். சேலை சரியாகவே முடியப் போகிறது. அன்று பூரா நான் சொல்லவில்லை. ஏன் தலைகீழானது என்றும் புரியவில்லை. முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை அந்தக் குரல் படித்ததைத்தான் அடித்திருக்கிறேன். மறுநாள் காலையில் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தேன். கை கட்டையில் போகவில்லை. மருமகளைக் கூப்பிட்டேன்.

"நான் எழுந்துக்கறேன்மா. வெளிய குடுத்துடு."

"இன்னா ஆச்சு அத்தை?"

"அன்னம் தலைகீழா வந்திருக்குது."

"யார் சொன்னா?"

"தறிக்காரன்தான். நேத்தே சொன்னான்."

நேத்தே என்றதற்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அன்னத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் மவுஸ் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தை, இதுல மொத வரி உங்களுக்கு எது?"

"மொத வரி மொத அட்டை. காலு."

"இல்ல. மொத வரி தலை. நான் படத்த மேலேருந்துதான் எழுதியிருக்கேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எந்த எல்லாரும்? தறியில துணி மேலேருந்தா வளருது? கீழேருந்துதான மேல போவுது. காலு நெய்யாம தலையா நெய்வாங்க?"

"எனக்கு எப்படி அத்தை தெரியும்? எட்டு வருஷமா தாளக் குடுக்கறேன், வாங்கி ஒட்டிக்கினு அடிக்கிறீங்க. கீழேருந்து படிக்கிறீங்கன்னு ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா?"

சொன்னதில்லை. சுவரில் ஒட்டிய தாளில் அடி வரியிலிருந்து மேலே ஏறுவதுதான் படிப்பு. செங்கல் கட்டி உட்கார்ந்த நாளிலிருந்து அப்படித்தான். அதையும் ஒருத்தருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளும் தப்பாக எழுதவில்லை, நானும் தப்பாக அடிக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே அன்னத்தின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தோம்.

திடீரென்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அப்போ ருத்ராட்சம்? கோபுரக் கரை?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ருத்ராட்சம் உருண்டை. கோபுரக் கரையில் கோபுரம் பக்கவாட்டில் படுத்திருக்கும், எந்த முனையிலிருந்து நெய்தாலும் ஒன்றுதான்.

"மூணும் தலைகீழ்தான் அத்தை. ரெண்டு மாட்டல, ஒண்ணு மாட்டிக்கிச்சு."

"அப்போ மூணும் தப்பு" என்றேன். "பேசினது பேசினதுதான்." எழுந்து வீட்டுக்குள் போய்விட்டேன். அவள் தடுக்கவில்லை. தடுப்பாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்து வந்தது யாளி. அதை அவள் வெளியில் கொடுத்தாள். மூன்றே நாளில் அடித்து வந்துவிட்டது. அட்டைக் கட்டைக் கையில் வாங்கி ஓட்டை ஓட்டையாகத் தடவிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. மெஷின் அடித்தது மெஷின் அடித்தது போலவே இருந்தது, குறை சொல்ல இடமில்லை. இரண்டு வாரம் நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. காலையில் காப்பி கேட்டேன், சாயந்திரம் காப்பி கேட்டேன்.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மருமகள் உள்ளே வந்து நின்றாள்.

"அத்தை, ருத்ராட்சத்துல மூணு அட்டை எலி கடிச்சிருச்சாம். தறி நிக்குது. வெளிய கேட்டேன், மூணு அட்டைக்காக ஓடற வேலைய நிறுத்தமாட்டோம், அடுத்த வாரம் பாக்கலாம்ன்றாங்க."

"நான் எழுந்தவ."

"எழுந்துக்கறேன்னுதான் சொன்னீங்க. திரும்பி ஒக்காரமாட்டேன்னு பேசலையே."

வாசலில் தறிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பது கேட்டது. பெரிய டிசைன் இனி வெளியில்தான் போகும், அது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கிழிந்த அட்டை, எலி கடித்த அட்டை, இரண்டு விரல் அகலச் சின்னக் கரை, இவைதான் மீதி. ஆனால் இவை தினமும் வருகிறவை. இவற்றை உடனே அடித்துக் கொடுக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை.

போய் உட்கார்ந்தேன். மருமகள் ஃபைலைத் திறந்துகொண்டே, "திருப்பி எழுதிட்டேன், மேலேருந்து அடிச்சாலே சரியா வரும்" என்றாள். "வேணாம், இருந்த மாதிரியே வை" என்றேன். கடைசி வரிக்குப் போய் மேல் அம்பில் ஏறுவதுதான் எனக்குச் சரி. எந்த முனை எது என்று மறுபடி குழம்பக் கூடாது என்று அவள் அடி வரிக்குக் கீழே ஏதோ தட்டினாள். நான் கடைசிக்குப் போய் நின்றேன்.

"கால்" என்றது குரல்.

"ருத்ராட்சத்துக்கு ஏதும்மா காலு?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் அத்தை. எல்லாத்துக்கும் போட்டுடறேன்" என்றாள்.

மேல் அம்பை அமுக்கினேன். விடு லாபம், அடி ரெண்டு, விடு ஒம்போது.